ரிப்போட் சொல்லாத பாதி



கிளிநொச்சி நகரில் ஏ-9 வீதியோரம் குருதிப் பரிசோதனை நிலையங்களின் பெயர்ப்பலகைகள் கூடிக்கொண்டு வருகின்றன. விடிய வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பின்னேரம் ரிப்போட் எடுக்கப் போவார்கள். கவர் வீடு வரைக்கும் போகாது. வாசலிலேயே, மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றபடி பிரிக்கப்படும். பெயர், வயது எல்லாம் தாண்டிக் கண் கீழே ஓடும். எஸ்.ஜி.பி.ரி. என்ற வரியில் 68 என்று இருக்கும். பக்கத்தில் தடித்த ஆங்கில எழுத்தில் ஒரு ‘எச்’. அளவுக்கு மேல் என்று அர்த்தம். அன்றிரவு அந்த வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது. “ஈரல் பழுதாப் போச்சாம்” என்ற செய்தி விடிவதற்குள் பரந்தனில் இருக்கிற மாமிக்கும் கனடாவில் இருக்கிற அண்ணனுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த இதழின் மருத்துவப் பக்கங்களை ஈரலுக்கு ஒதுக்கியது அந்த ஒற்றை எழுத்தை முன்னிட்டுத்தான். உள்ளே வைத்தியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: அந்தத் தாளில் இருப்பது பாதிக் கதை. மற்றப் பாதி எங்களிடம் இருக்கிறது. அதை நாங்கள் டொக்டரிடம் சொல்வதில்லை.

தாளில் இருக்கிற பாதியை முதலில் பார்ப்போம். நொதியங்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும். ஈரல் கலங்களுக்குள் வேலை செய்கிற இரண்டு நொதியங்கள் ஏ.எல்.ரி.யும் ஏ.எஸ்.ரி.யும். எஸ்.ஜி.பி.ரி., எஸ்.ஜி.ஓ.ரி. என்பவை இவற்றின் பழைய பெயர்கள். எங்கள் ஊர் ரிப்போட்டுகளில் இரண்டு பெயரும் அடிபடும். கலம் நல்லபடி இருக்கும்வரை இவை உள்ளேயே இருக்கும், கொஞ்சம்தான் குருதியில் தெரியும். கலம் காயப்பட்டால் வேலி உடைந்த பட்டி மாடுகள் போல வெளியே வந்துவிடும். பரிசோதனை எண்ணுவது வெளியே வந்த மாடுகளை. வேலியை உடைத்தது யானையா, உழவு இயந்திரமா, உக்கிப்போன கட்டையா என்பது அந்த எண்ணிக்கையில் இல்லை.

ஏ.எல்.பி., ஜி.ஜி.ரி. என்று இன்னும் இரண்டு வரிகள் இருக்கும். பித்தம் ஓடுகிற குழாய்களில் தடங்கல் வந்தால், உதாரணமாகப் பித்தக்கல் அடைத்தால், இவைதான் முன்னுக்கு ஏறும். ஏ.எல்.பி. எலும்பிலும் உண்டு, கர்ப்பிணிகளின் சூல்வித்தகத்திலும் உண்டு. ஆகவே பதின்மூன்று வயதுப் பெடியனின் ரிப்போட்டில் அது கூடிக் கிடப்பதைப் பார்த்துத் தாய் அழத் தேவையில்லை. பெடியன் உயரம் போடுகிறான், அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஈரலுக்கென்று நாங்கள் நினைக்கிற ஏ.எஸ்.ரி. முதலில் இருதயத்தின் பக்கமாகத்தான் மருத்துவத்துக்குள் வந்தது. 1954இல் நியூயோர்க்கில் லாடூ, ரொப்ளூஸ்கி, கார்மன் என்ற மூவர், மாரடைப்பு வந்தவர்களின் குருதியில் இந்த நொதியம் ஏறுவதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே இத்தாலியில் நேபிள்ஸ் நகரத்து டி ரிட்டிஸ் குழுவினர், வைரஸால் வருகிற ஈரல் அழற்சியிலும் இவை ஏறுவதை எழுதினார்கள். ஏ.எஸ்.ரி.யை ஏ.எல்.ரி.யால் வகுத்து வருகிற விகிதத்துக்கு இன்றும் டி ரிட்டிஸின் பெயர்தான்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், ஏ.எஸ்.ரி. ஈரலின் தனிச்சொத்து இல்லை. இருதயத் தசையில், கைகால் தசையில், செங்குருதிக் கலத்தில் எல்லாம் அது இருக்கிறது. ஏ.எல்.ரி. பெரும்பாலும் ஈரலுக்குரியது, அதுவும் தசையில் கொஞ்சம் உண்டு. முந்தின நாள் முழுக்க நெல் மூட்டை ஏற்றியவருக்கும், புதிதாக ஜிம்முக்குப் போய் முதல் கிழமையே மாரடித்த இளைஞனுக்கும் இரண்டும் ஏறி நிற்கலாம். ஈரலுக்கு ஒன்றுமே இராது. சி.பி.கே. என்ற தசை நொதியத்தைப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். இரத்தம் எடுக்கையில் செங்கலங்கள் உடைந்துபோனாலும் ஏ.எஸ்.ரி. பொய்யாக உயரும். நேற்று என்ன வேலை செய்தீர்கள் என்று டொக்டர் கேட்க மறந்தாலும் நாங்கள் சொல்லலாம்.

அந்த ‘எச்’ எங்கே விழுகிறது என்பதும் கல்லில் எழுதிய கோடு இல்லை. ஒவ்வொரு ஆய்வுகூடத்துக்கும் ஓர் எல்லை. ஒன்றில் 40, இன்னொன்றில் 55. சுகதேகிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அடங்குமாறு போடுவதுதான் வழமையான எல்லை. ஆகவே ஒரு வருத்தமும் இல்லாதவர்களில் நாற்பதில் ஒருவர் மேல்கோட்டைத் தாண்டித்தான் நிற்பார். சற்றுக் கூடியிருந்தால் சில கிழமைகள் விட்டுத் திரும்பப் பார்ப்போம் என்று டொக்டர் சொல்வது அலட்சியத்தால் இல்லை.

இலக்கம் பெரிதென்றால் வருத்தமும் பெரிது என்றுதான் எல்லோரும் எண்ணுகிறோம். அதற்கு மறுப்பு எங்கள் சனத்தின் உடம்பிலேயே இருக்கிறது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெயரிட்ட பகுதிகளுக்குள் இலட்சக்கணக்கில் நெருக்கி இருந்தபோது செங்கமாரி பரவியது. ஹெப்படைட்டிஸ் ஏ. மலம் கலந்த தண்ணீராலும் சாப்பாட்டாலும் தொற்றுகிற வைரஸ். தண்ணீருக்கும் மலகூடத்துக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு அது எப்படிப் பரவியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அந்தச் செங்கமாரியில் ஏ.எல்.ரி. ஆயிரத்தைத் தாண்டிப் போகும். ஆனாலும் பெரும்பாலானவர்கள் சில கிழமைகளில், மிஞ்சினால் சில மாதங்களில், ஒரு தழும்பும் இல்லாமல் தேறிவிடுவார்கள். அந்த வைரஸ் ஈரலில் குடியிருப்பதில்லை. ஒருமுறை வந்தவருக்கு ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தி.

அன்று கண் மஞ்சளித்துப் படுத்திருந்த பிள்ளைகளுக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். “முகாமில எனக்குச் செங்கமாரி வந்தது, அதாலதான் ஈரல் இன்னும் சரிவரேல்ல” என்று சொல்பவர்களை இப்போதும் காண்கிறேன். வந்தது ஏ வகை என்றால், அதற்கும் இன்றைய 68க்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். பழைய துன்பத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இன்றைய காரணத்தைத் தேடாமல் இருப்பதுதான் இதில் எனக்குக் கவலை.

பி வகை அப்படியில்லை. அது சிலரிடம் சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் தங்கும். இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணையில் அது 2003இலிருந்து படிப்படியாகத்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு ஏ.எல்.ரி. ஏறி நின்றால், பி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம். ஒரே ஒரு குருதிப் பரிசோதனை.

இனி மறுபக்கம். ஆண்டுக்கணக்கில் காயப்பட்டுத் தழும்பேறிச் சுருங்கிய ஈரல் இருக்கிறதே, அந்த மனிதரின் ஏ.எல்.ரி. 35 என்று சாதுவாக நிற்கலாம். ‘எச்’ விழாது. பட்டியில் மாடு மிஞ்சியிருந்தால்தானே வெளியே வர. ஈரல் எவ்வளவு திறமாக வேலை செய்கிறது என்று அறிய வேறு வரிகளைப் பார்க்க வேண்டும்: ஈரல் தயாரிக்கிற அல்புமின், குருதி உறைகிற நேரம், கழிவாகப் போக வேண்டிய பிலிருபின். ரிப்போட்டில் நாங்கள் கவனிக்காமல் தாண்டுகிற வரிகள் இவை. 68ஐக் கண்டு சாப்பிடாமல் இருந்தவரை விட, “எனக்கு எல்லாம் நோமல்” என்று சொல்லிக்கொண்டு கால் வீங்கி வயிறு முட்டி வருகிறவரைப் பற்றித்தான் டொக்டர்மார் கூடப் பயப்படுவார்கள்.

குடியைப் பற்றிப் பேசாமல் ஈரலைப் பற்றிப் பேச முடியாது. கிளினிக்கில் நடப்பது இதுதான். ஐயா கதிரையில் இருப்பார், பக்கத்தில் மனிசி நிற்பார். “குடிக்கிறனீங்களோ?” என்று டொக்டர் கேட்பார். “சீச்சீ, எப்பவாவது நல்லது கெட்டதுக்கு.” மனிசி சுவரைப் பார்ப்பார். இன்னும் கொஞ்சம் தோண்டினால், “கள்ளுத்தான் டொக்டர், அது உடம்புக்குக் குளிர்ச்சி” என்று வரும். சாராயம், கசிப்பு என்றால் குற்றம், கள்ளு என்றால் சாப்பாட்டில் சேர்த்தி என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. ஈரலுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. உள்ளே போன மதுசாரம் எவ்வளவு என்பதுதான் அதற்குக் கணக்கு. பனங்கள்ளிலும் தென்னங்கள்ளிலும் பியரில் இருக்கிற அளவுக்கு மதுசாரம் இருக்கிறது. நாளுக்கு மூன்று போத்தல் என்றால் மூன்று போத்தல்தான்.

தாள் இதில் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். மற்ற வருத்தங்கள் பலவற்றில் ஏ.எல்.ரி. மேலே நிற்கும்; குடியால் வருகிற ஈரல் அழற்சியில் ஏ.எஸ்.ரி. அதைப்போல் இரண்டு மடங்காக இருக்கும், ஜி.ஜி.ரி.யும் சேர்ந்து ஏறும். ஆனால் ஜி.ஜி.ரி. வலிப்புக்குக் குடிக்கிற சில குளிசைகளாலும் ஏறும். குடிக்கவே குடிக்காத ஒருவரை அந்த ஒரு வரியை வைத்துக் குடிகாரராக்கிய கதைகளும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், வாயால் சொன்னால் வேலை சுலபம். மனிசிக்கு முன்னால் சொல்ல முடியாது என்றால் அவரை வெளியே இருக்கச் சொல்லச் சொல்லுங்கள், டொக்டர் விளங்கிக்கொள்வார். இன்னொன்று: நாளாந்தம் கூடக் குடிப்பவர் ரிப்போட்டைக் கண்ட பயத்தில் ஒரே நாளில் விட்டால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். விடுவதையும் டொக்டரோடு பேசித்தான் விட வேண்டும்.

காலபோகக் காலத்தில் ஈரல் ரிப்போட்டுக்கு இன்னொரு முகம் வரும். மாரி மழை, வயல் முழுக்கத் தண்ணீர், வரம்பில் எலி. 2024 நவம்பர் கடைசியில் பெங்கல் புயலோடு வந்த வெள்ளம் வடிந்த கையோடு, டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஒரு காய்ச்சல் அடுத்தடுத்து உயிர்களைக் கொண்டுபோனது. என்ன காய்ச்சல் என்று முதலில் தெரியாமல் சனம் பதறியது, பரிசோதித்ததில் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலில் உள்ள சின்ன வெடிப்புக்குள்ளால் போனால் போதும். இரணைமடுத் தண்ணீர் பாய்கிற வயல்களில் வெறுங்காலோடு நிற்கிற எங்களுக்கு இது அந்நியமில்லை.

இது முற்றினால் கண் நல்ல மஞ்சளாகிவிடும், பிலிருபின் எங்கேயோ போய் நிற்கும், ஆனால் ஏ.எல்.ரி.யும் ஏ.எஸ்.ரி.யும் அந்தளவுக்கு ஏறியிரா. வைரஸ் செங்கமாரியில் இதற்கு நேர்மாறு, நொதியங்கள்தான் ஆயிரத்தில் நிற்கும். இந்தப் பொருத்தமின்மையைக் கண்டால் அனுபவமுள்ள வைத்தியர் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொண்டு எலிக்காய்ச்சலை நினைப்பார். அதே மாதங்களில் வருகிற டெங்குவிலும் நொதியங்கள் ஏறும், அதில் பெரும்பாலும் ஏ.எஸ்.ரி. முந்தி நிற்கும். இவ்வளவையும் தாளில் இருந்து ஊகிக்க வைப்பதை விட, “போன கிழமை வயலுக்குள்ள இறங்கினனான்” என்ற ஒரு வசனம் நேரத்தை மிச்சம் பிடிக்கும். எலிக்காய்ச்சலில் நேரம்தான் உயிர். விதைப்புக் காலத்தில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் கமக்காரருக்குக் கொடுக்கிற டொக்சிசைக்கிளின் குளிசையை வாங்கி அலுமாரியில் வைத்துவிடாமல், சொன்னபடி போடுங்கள்.

அடுத்தது குளிசைகள். பரசிற்றமோல், அதுதான் எங்கள் பனடோல், வளர்ந்த சுகதேகிக்கு ஒரு நாளில் எட்டுக் குளிசைக்கு மேல் போகக் கூடாது. மெலிந்தவர், குடிப்பவர், ஈரலில் ஏற்கெனவே பிரச்சினை உள்ளவர் அதையும் குறைக்க வேண்டும். காய்ச்சலுக்கு பனடோல், தடிமலுக்கு வேறொரு குளிசை, உடம்பு நோவுக்கு இன்னொன்று என்று போடுகிறபோது, மூன்றிலும் பரசிற்றமோல் இருப்பது பெட்டியைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். காசநோய்க்கு மருந்து குடிப்பவர்களுக்கு ஈரல் நொதியம் பார்ப்பதும் இந்தக் காரணத்தால்தான். ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைராசினமைட் மூன்றுமே ஈரலைச் சீண்டக்கூடியவை. சத்தியும் சாப்பாட்டில் வெறுப்பும் வந்தால் அடுத்த கிளினிக் வரை பொறுத்திருக்காமல் உடனே போய்ச் சொல்ல வேண்டும். மருந்தைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து.

கீழ்க்காய்நெல்லிக்கு வருகிறேன். செங்கமாரி என்றால் எங்கள் ஆச்சிமார் கை வைப்பது அதில்தான். அதைப் பழிக்க எனக்கு மனமில்லை, பழிக்கத் தேவையுமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனும், ஹெப்படைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து 1988இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் அதைப் பற்றியே எழுதினார்கள். பி வைரஸைச் சுமந்தவர்களில் கீழ்க்காய்நெல்லி குடித்த 37 பேரில் 22 பேரிடம் அந்த வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை குடித்த 23 பேரில் ஒருவரிடம் மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் பல இடங்களில் செய்து பார்த்தபோது அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. ஏ வகைச் செங்கமாரியோ தானாகவே மாறுகிற வருத்தம். எந்தப் பச்சிலை குடித்தாலும் மாறும், குடிக்காவிட்டாலும் மாறும். பேர் மட்டும் பச்சிலைக்குப் போகும்.

அதற்காக மூலிகை எல்லாம் சும்மா என்றும் எண்ண வேண்டாம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்துவிட்டு மும்பையில் சிலர் ஈரல் அழற்சியோடு ஆஸ்பத்திரிக்கு வந்ததை அங்குள்ள வைத்தியர்கள் பதிவு செய்தார்கள். கிலுகிலுப்பை இனச் செடிகளில் ஈரலுக்கு நஞ்சான பொருள் இருப்பதைப் பேராதனையில் அர்சகுலரத்ன 1981இலேயே எழுதியிருக்கிறார். வீட்டுக் கைமருந்து, நாட்டு வைத்தியர் கொடுத்த சூரணம், வெளிநாட்டுச் சித்தப்பா அனுப்பிய ‘மெலிகிற’ தூள், எல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இவ்வளவும் இல்லாமல், குடியும் இல்லை குளிசையும் இல்லை என்பவர்களின் 68க்கு இப்போது மிகப் பொதுவான காரணம் கொழுப்பு ஈரல். ராகமையில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2009இல் வந்தது: அந்த நகர்ப்புறத்து வளர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, மதுவோடு தொடர்பில்லாமலே ஈரலில் கொழுப்பு. வன்னி ராகமை இல்லைத்தான். ஆனால் மண்வெட்டி பிடித்த கை இப்போது போன் பிடிக்கிறது. மூன்று நேரமும் மாச்சாப்பாடு, நாளுக்கு நாலு தரம் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி, ஆள் பார்க்க மெலிவு, வயிறு மட்டும் முன்னுக்கு. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது கூட வரும். கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் பலருக்கு நொதியம் ஏறாமலே இருக்கும் என்பதால், ‘எச்’ விழாதது இங்கேயும் நற்சான்றிதழ் இல்லை. வயது, ஏ.எஸ்.ரி., ஏ.எல்.ரி., டெங்குக் காலத்தில் எல்லோருக்கும் பழக்கமாகிப்போன பிளேற்லெற் எண்ணிக்கை, இந்த நாலையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஈரலில் தழும்பு விழுந்திருக்கக்கூடியவர் யார், ஸ்கானுக்கு அனுப்ப வேண்டியவர் யார் என்று அதைக் கொண்டு பிரிக்கலாம். புதிதாக இரத்தம் எடுக்கத் தேவையில்லை, கையில் இருக்கிற தாள்களே போதும். கொழுப்பு ஈரலுக்கு ஊசியோ விலைகூடிய மருந்தோ அநேகமாகத் தேவைப்படாது. உடம்பு நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஈரல் தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கும்.

சில சில்லறை விஷயங்கள். ஈரல் நொதியத்துக்கு மட்டும் என்றால் பட்டினி கிடக்கத் தேவையில்லை. கூடவே சீனியும் கொழுப்பும் பார்ப்பதால்தான் வெறும் வயிறு கேட்கிறார்கள். முதியவர்களை விடியற்காலையில் இருந்து மத்தியானம் வரை தேத்தண்ணி கூட இல்லாமல் வைத்திருந்து மயங்க விடாதீர்கள், முதலே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ரிப்போட்டுகளை எறியாதீர்கள். போன வருடம் 40, இப்போது 68 என்பதற்கும், போன வருடம் 140, இப்போது 68 என்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். குடிக்கிற குளிசைகளின் வெறும் மட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். “சிவப்புக் குளிசை, காலமை ஒண்டு” என்று சொல்வதை வைத்து ஒருவராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கண் மஞ்சள், கறுத்த சிறுநீர், கறுப்பு மலம், தடுமாறிய பேச்சு, இவற்றில் ஏதாவது இருந்தால் ரிப்போட்டுக்குக் காத்திராமல் நேரே மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள்.

இந்த இதழைப் படித்துவிட்டு உங்களில் பலர் ரிப்போட்டைப் படம் பிடித்து எங்கள் தொலைபேசிக்கு அனுப்புவீர்கள் என்று தெரியும். தயவு செய்து வேண்டாம். அதில் உங்கள் பெயரும் வயதும் இருக்கும், இங்கே பல கண்கள் பார்க்கும். என்னிடம் கேட்டால் நான் சொல்லப் போவதும் டொக்டரிடம் போங்கள் என்றுதான். பொதுவான கேள்விகளைப் பெயர் போடாமல் எழுதி அனுப்புங்கள். கேள்விகளை மாதக் கடைசிக்குள் அனுப்பினால் அடுத்த இதழில் வைத்தியர்கள் பதில் எழுதுவார்கள். கையெழுத்துக் கடிதங்களுக்கு முதலிடம்.

அன்புடன்,
ஆசிரியர்